இஸ்ஸென்று ஒரு சத்தம்

"இப்பக் கேக்குதா பாய்?"

அமலோற்பவம் இரண்டாம் தடவையாகக் கேட்டாள். நாகூர்கனி தலையை ஆட்டினார். ஆட்டி முடித்த பிறகு, கேட்கிறது என்று ஆட்டினோமா, கொஞ்சம் பொறுங்கள் என்று ஆட்டினோமா என்பது அவருக்கே பிடிபடவில்லை. பானெட்டைத் தூக்கி வைத்த லாரி ஷெட்டுக்குள் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரி. பட்டாளத்துப் பச்சைக்கு மேலே யாரோ நீலம் அடித்து, அந்த நீலம் உரிந்த இடமெல்லாம் மறுபடி பச்சை எட்டிப் பார்க்கிற வண்டி. காலையில் வத்தலக்குண்டிலிருந்து காப்பித் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தாண்டிக்குடி மலைக்குப் போகும், சாயங்காலம் அவர்களோடு வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு இறங்கும். ஓட்டுவது அமலோற்பவமே. புருஷனுக்குக் கண்ணில் சர்க்கரை இறங்கிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவள், ஏழு வருஷமாகிறது. நாகூர்கனி இடது உள்ளங்கையை இஞ்சினின் மேல்மூடி மேல் வைத்திருந்தார். தகடு சுட்டது, ஆனாலும் எடுக்கவில்லை. கைக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு அடி, ஒரு தடுக்கல், ஒரு அடி, ஒரு தடுக்கல், அப்புறம் சேர்ந்தாற்போல் இரண்டு அடி. ஆறில் இரண்டு வேலை செய்யவில்லை. அது காதுக்கும் தெரிந்தது. வண்டி மிஸ் அடிப்பது தெருமுனையில் நிற்கிறவனுக்கே கேட்கும். அவள் கேட்டது அதையல்ல. அதற்கு மேலே, அல்லது அதற்குள்ளே, இஸ்ஸென்று ஒரு சத்தம் வருகிறது என்கிறாள். திங்கட்கிழமையும் அதைத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை அவள் வந்தபோது மணி நாலு இருக்கும். ஏற்றத்தில் இழுக்கவில்லை, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கிறது, சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் மட்டும் கொஞ்சம் தேவலை என்றாள். சோக் இழுத்தால் தேவலை என்றால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். அதை அவர் உடனே சொன்னார், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெட்ரோல் பில்டரை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வருகிற ஜெட் துவாரத்தை ஊதிப் போட்டார், பாயிண்டைத் தேய்த்து வைத்தார், பெட்ரோல் கலக்கிற திருகை அரைச் சுற்று திறந்துவிட்டார். வண்டி நின்ற இடத்தில் ஓரளவு சமாதானமாக ஓடியது. அப்போதுதான் அவள், காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்காமல் நின்றால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் வருகிறது பாய், என்றாள். அவர் குனிந்தார். வழக்கம்போல வலது காதைக் கொடுத்துக் குனிந்தார். முப்பத்து நாலு வருஷமாக அந்தக் காதைத்தான் இஞ்சினுக்குக் கொடுத்துக் கொடுத்து வேலை பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை. ஃபேன் காற்றும்மா, என்றார். இல்லை பாய், ஃபேன் முன்னாடி இருக்கு, இது பின்னாடி வருது, என்றாள். அவர் சிரித்தார். சிரித்ததை இப்போது நினைத்தால் கழுத்துக்குப் பின்னால் சூடாகிறது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் மனசுக்குள், குக்கர் சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இஞ்சின் சத்தம் என்ன தெரியும் என்று ஒரு வாக்கியம் முழுசாக ஓடியது. அதை யாருக்கும் சொல்லவில்லை. இருந்தாலும் ஓடியது. எடுத்துட்டுப் போங்கம்மா, ஒண்ணும் இல்ல, என்று பானெட்டை இறக்கிவிட்டார்.

ஒண்ணும் இல்ல. நேற்று புதன்கிழமை காலையில் ஏழாவது வளைவில் வண்டி இரண்டு தரம் வெடித்து அணைந்துவிட்டது. இன்று காலை ஒன்பதரைக்கு அவள் வண்டியை முதல் கியரிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இதைச் சொன்னாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். பின்னால் பதினோரு பெண்கள். வண்டி பின்னாலே நழுவியது. பிரேக்கை மிதித்தேன் பாய், கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது, என்றாள். கைப்பிரேக்கையும் இழுத்து, பின்சக்கரம் ரோட்டோரக் கல்லில் முட்டி, பன்னிரண்டு அடி போய் நின்றிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு அடிக்குள் நாலு பேர் குதித்துவிட்டார்கள். மூன்று பேருக்குச் சிராய்ப்பு. வெள்ளத்தாய் என்கிறவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது, இங்கே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். கல்லைத் தாண்டியிருந்தால் என்ன என்பதை அமலோற்பவம் சொல்லவில்லை. அந்த வளைவு அவருக்கும் தெரியும். அங்கே நின்றால் கீழே மரங்களின் தலைதான் தெரியும்.

அதைக் கேட்ட நேரத்திலிருந்து உடம்பில் ஒரு இடத்தில் எல்லாம் நின்றுபோய்த்தான் இருந்தது. ஆனாலும் கை வேலையைத் தொடங்கியது. கைக்கு அதிர்ச்சி கிடையாது. அது ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போய்விடும். மனசுதான் பின்தங்கி நிற்கும். நான் பார்த்தது சரியாகத்தான் பார்த்தேன், ஜெட்டில் மறுபடி குப்பை வந்திருக்கும், மலையில் வாங்குகிற பெட்ரோலில் தண்ணீர் இருந்திருக்கும், வேறு ஏதோ, வேறு ஏதோ என்று அது முனகிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்க்கடை டீ மாஸ்டர் சுருளி இரண்டு கிளாஸோடு வந்தான். கிளாஸ்களை டூல்ஸ் பெட்டி மேல் வைத்தான். வண்டியை ஏற இறங்கப் பார்த்தான். அவன் வாய் அசைந்தது. நாகூர்கனி அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னது முழுசாகத் தெரிந்தது. "எங்கயோ காத்து எறங்குதே பாய், டயரா?" சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான். கடையில் பால் கொதித்துக்கொண்டிருக்கும்.

வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. நாகூர்கனி அந்த இடத்தில் நின்றார். எப்போதிருந்து வாயைப் பார்க்கிறேன்? சுருளிக்கு இஞ்சின் தெரியாது. அவனுக்கு அவளோடு பேசி வைத்துக்கொள்ளவும் காரணமில்லை. பத்தடி தூரத்தில், கையில் டீயோடு நடந்து வந்தவனுக்கு, உறுமிக்கொண்டிருக்கிற வண்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. முகத்தை மட்கார்டுக்குள் நுழைத்துக்கொண்டு நிற்கிற தனக்குக் கேட்கவில்லை. அவர் வலது காதைக் கொண்டுபோனார். இஞ்சினின் அடி, தடுக்கல், அடி. ஃபேனின் உறுமல். அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை இத்தனை காலம் ஒரு பதிலாகவே வைத்திருந்தார். இப்போது அது ஒரு இடமாகத் தெரிந்தது. அங்கே ஏதோ இருக்கிறது, எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள், தனக்கு மட்டும் அந்த இடத்தில் சுவர். தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்தார். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அது தன் ரத்தம் ஓடுகிற சத்தமாகக்கூட இருக்கலாம். அமலோற்பவம் அவர் தலை இப்படியும் அப்படியும் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி சம்சத் கத்துகிறாள் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் வாய் அதிராமல் பேசிய பெண் திடீரென்று ஏன் இப்படி ஆகிவிட்டாள், சோறு வைத்திருக்கிறேன் என்பதைக்கூட சண்டைக்காரி மாதிரி சொல்கிறாளே, வயசானால் பெண்களுக்கு இப்படி ஆகும் போல, என்று பொறுத்துக்கொண்டதாகவே தன்னைப் பற்றி நினைத்திருந்தார். ஒரு நாள் வாய்விட்டும் சொன்னார். ஏன் செவிடனுக்குச் சொல்ற மாதிரி கத்துறே? அப்படியே, அந்த வார்த்தையிலேயே. அவள் கரண்டியோடு நின்றாள். சரி, என்றாள். அதற்குப் பிறகு பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, முகத்துக்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்தாள். அவருக்கு அது பிடித்திருந்தது. வயசான காலத்தில் பிரியம் கூடுகிறது என்றல்லவா நினைத்தார். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அத்தா கேக்குதா, அத்தா கேக்குதா என்பாள். டவர் சரியில்லை என்று அவர் சொல்வார். அவளும் ஆமாம் டவர்தான் என்பாள். பிறகு அம்மாகிட்ட குடுங்க என்பாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் முன்னெல்லாம் சாயங்காலமானால் சில்வண்டு இரைச்சல் தாங்காது, இப்போது மருந்தடித்து மருந்தடித்து ஒரு பூச்சிகூட இல்லாமல் பண்ணிவிட்டார்கள் என்று பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களா? பார்த்துக்கொண்டார்கள். இப்போது நினைக்கும்போது பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அல்லது இந்த நிமிஷம் மனசு அவர்களைப் பார்த்துக்கொள்ள வைக்கிறது. சில்வண்டு இருக்கிறது. ஊர் முழுக்க இரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இது வேண்டாம், வேலையைப் பார், என்று கைக்குச் சொன்னார். கை பிளக் ஒயரை ஒவ்வொன்றாக உருவியது. முதலாவதை உருவினால் இஞ்சின் குலுங்கியது, அது உயிரோடு இருக்கிறது. இரண்டு, மூன்று, நாலு, அப்படியே. ஐந்தாவதை உருவினார். ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது, மாற்றம் இல்லை. இதை அவர் உள்ளங்கையால் பார்த்தார், காதை நம்பவில்லை. எப்போதிருந்து உள்ளங்கையால் பார்க்கிறேன் என்ற கேள்வி பின்னாலேயே வந்தது, அதைத் தள்ளிவிட்டார். அமலோற்பவத்திடம் சாவியை அணைக்கச் சொல்லி பிளக்குகளைக் கழற்றினார். முதல் நாலும் முனையில் காப்பித்தூள் நிறம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஐந்தும் ஆறும் வெள்ளை. சுடலைச் சாம்பல் மாதிரி வெளுத்துப்போய், முனைப் பீங்கானில் சின்னச் சின்ன கொப்புளம். பெட்ரோல் போதாமல் வெந்திருக்கிறது. கார்புரேட்டர் குற்றம் என்றால் ஆறும் வெளுத்திருக்கும். பின்னால் இருக்கிற இரண்டு மட்டும் வெளுத்திருந்தால், பின்பக்கத்தில் எங்கோ இஞ்சின் திருட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. பின்பக்கம். இது பின்னாடி வருது பாய், என்று திங்கட்கிழமை சொன்னாள். பிளக்கைத் திங்கட்கிழமை ஏன் கழற்றிப் பார்க்கவில்லை? கழற்றவில்லை. சத்தத்தை வைத்தே முடிவு பண்ணினேன். சத்தத்தை வைத்தே முடிவு பண்ணுகிறவன் என்றுதானே எனக்குப் பேர். வண்டியை ரோட்டில் திருப்பும்போதே நோய் சொல்லிவிடுவார் கனி பாய் என்று திண்டுக்கல் வரைக்கும் பேர்.

பிளக்கை மாட்டி மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஆயில் கேனை எடுத்து, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற குழாய் இஞ்சினோடு சேருகிற இடத்தில், ஐந்தாவது ஆறாவது சிலிண்டருக்கு நேரே, சொட்டுச் சொட்டாக விட்டார். அங்கே ஓட்டை இருந்தால் ஆயிலை உறிஞ்சிக்கொண்டு ஒரு விநாடி இஞ்சின் நேராகும். ஆகவில்லை. ஆயில் வழிந்து சூடான இடத்தில் பட்டுப் புகைந்தது. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட வேன் ஞாபகம் வந்தது. போன ஆடியில் வந்த வேன். டிரைவர் தவசி, முன்சக்கரத்தில் விசில் அடிக்கிற மாதிரி கேக்குது பாய், பேரிங்கா பாருங்க என்றான். ஓட்டிப் பார்த்துவிட்டு ஒண்ணும் இல்லப்பா என்றார். தவசி அதற்குப் பிறகு வரவேயில்லை. வேற ஷெட்டுக்குப் போய்விட்டான், நன்றி கெட்டவன் என்று நினைத்திருந்தார். அந்தப் பேரிங் என்ன ஆயிற்று? வேறு யாரோ கேட்டிருப்பார்கள், மாற்றியிருப்பார்கள். வேன் இன்னும் ஓடுகிறதே, நேற்றுக்கூட பார்த்தேனே. நேற்றா, முந்தாநாளா? தவசி போல இன்னும் யார் யார் வராமல் போனார்கள்? முகங்கள் வரிசையில் வந்து நின்றன, எல்லாம் வாயை அசைத்தன. எத்தனை வண்டிக்கு ஒண்ணும் இல்ல சொன்னேன்? இரண்டு வருஷமா, மூன்றா? எந்த நாள் அது போயிற்று? ஒரு நாளில் போயிருந்தால் தெரிந்திருக்கும். காது, பெட்ரோல் டாங்கில் ஊசித் துவாரம் மாதிரி, தெரியாமல் இறங்கியிருக்கிறது. இறங்குகிறது என்று ஊருக்கே கேட்டிருக்கிறது.

சுவரில் ஆணியில் தொங்கிய மெல்லிய ரப்பர் குழாயை எடுத்தார். ஒன்றரை முழக் குழாய், ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இஞ்சின் மேல் ஊர விட்டால் எந்த இடத்தில் காற்று ஒழுகுகிறது என்று துல்லியமாகக் கேட்கும். இளவயசில் இதை வைத்து முடி அளவு விரிசலைக் கண்டுபிடித்திருக்கிறார். வலது காதில் வைத்தார். குழாய் முனையைப் பின்பக்கம் கொண்டுபோனார். கருப்பு. காதுக்குக் கருப்பு உண்டா? அப்படித்தான் இருந்தது. இடது காதுக்கு மாற்றினார். கண்ணை மூடினார். இஞ்சினின் கனத்த சத்தங்கள் குழாய் வழியாக வந்து மோதின, அவற்றுக்கு நடுவே மணல் சரிகிற மாதிரி ஏதோ ஒன்று வந்தது, போனது. முனையை நகர்த்தினால் எல்லா இடத்திலும் அதே மணல். ஒரு இடத்தில் நிறுத்தி, இங்கேதான், என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். அந்த இடத்து நட்டை முறுக்கி, கொஞ்சம் பசை தடவி, கலவைத் திருகை இன்னும் அரைச் சுற்று திறந்தால் இங்கே நின்று ஓடும்போது நன்றாகவே இருக்கும். திங்கட்கிழமை செய்ததும் அதுதான். அவருடைய வாய் இங்கேதான் என்ற வார்த்தைக்காகத் திறந்தேவிட்டது. கூடவே நாளைக் காலை தெரிந்தது. ஏழாவது வளைவும், பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களும், அவர்களுடைய காப்பிப்பழம் பறிக்கிற கூடைகளும். இஞ்சின் அணைகிறது. மிதிக்கிறாள். கல்.

கல். பிரேக் ஏன் கல்லானது? அதை ஒரு மணி நேரமாக அவர் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிரேக் இருக்கிறது, பிடிக்கிறது, கடினமாக இருந்தது என்றுதானே சொன்னாள். இஞ்சின் அணைந்தாலும் ஒரு மிதிக்காவது பிரேக் மெத்தென்று இருக்க வேண்டும். இந்த வண்டியில் இஞ்சினின் உறிஞ்சலைக் கடன் வாங்கித்தான் பிரேக் இளகுகிறது. அந்த உறிஞ்சலைக் கொண்டுபோகிற ரப்பர் ஓஸ் எங்கிருந்து புறப்படுகிறது? பின்பக்கம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலிருந்து புறப்பட்டு, தகட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, அடிவழியாகப் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது.

நாகூர்கனி நிமிர்ந்தார். ரப்பர் குழாயை அமலோற்பவத்திடம் நீட்டினார். அவள் புரியாமல் பார்த்தாள்.

"நீங்க கேளுங்கம்மா," என்றார். "எனக்குக் கேக்கல."

சொன்ன பிறகு அவருக்கு ஷெட்டின் தகரம், ரோடு, எதிர்க்கடை, எல்லாம் கொஞ்சம் பின்வாங்கி நின்ற மாதிரி இருந்தது. அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு குழாய் முனையைக் காதில் வைத்துக்கொண்டாள். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடியே நகர்த்தினார். தகட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஓஸின் மேலேயே ஊர விட்டார். ஒரு சாண் தாண்டியதும் அவள் முகம் சுளித்தது, கை தானாகக் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டது. அங்கேதான், என்றது அவள் வாய். அவர் குழாயைப் போட்டுவிட்டு விரலால் தடவினார். ஓஸின் அடிப்பக்கத்தில், ஒரு கிளிப் வருஷக்கணக்காக உரசிய இடத்தில், விரல் நுனியை ஏதோ ஒன்று பற்றி இழுத்தது. சின்னக் குழந்தை பால் குடிக்கிற மாதிரி இழுத்தது. அவர் பிளவை இரண்டு விரலால் இறுக்கி மூடினார். மேல்மூடியில் இருந்த மற்ற கைக்குக் கீழே இஞ்சின் ஒரு தரம் தடுமாறி, ஆறு அடியும் வரிசையாக விழ ஆரம்பித்தது. விரலை எடுத்தார். தடுக்கல். மூடினார். ஆறு. விரலை எடுக்கவே மனசு வரவில்லை. இத்தனை சின்ன வாய். இதுதான் இஞ்சினைப் பட்டினி போட்டது, இதுதான் பிரேக்கைக் கல்லாக்கியது. திங்கட்கிழமை மூன்று நாலு தரம் இது தன் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், முடிந்த மட்டும் கத்தியிருக்கிறது.

ஓஸை மாற்றிக் கிளிப்பை இடம் மாற்றிப் போட முக்கால் மணி நேரம் ஆயிற்று. கலவைத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சோக் இல்லாமலே வண்டி பிடித்துக்கொண்டது. அமலோற்பவம் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்தாள், கால் அமுங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாகூர்கனி பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்துக் கதவருகே போய் நின்றார். கையில் துடைக்க இனிமேல் கறுப்பே இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை நீங்க சொன்ன சத்தம் இருந்துச்சும்மா. எனக்குத்தான் கேக்கல. கேக்காத சத்தத்த இல்லைன்னு சொல்லிட்டேன். காது போயிருக்குங்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அவள் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாளோ என்று நினைத்தார். அழவில்லை. மலையில் எல்லோரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைச் சொன்னாள், மெதுவாகச் சொன்னதால் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு இடது காதை உள்ளே நீட்ட வேண்டியிருந்தது. பெண்பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்கிறார்கள். அவள் பயந்துபோய் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சை மிதித்துவிட்டாள் என்கிறார்கள். வெள்ளத்தாயின் புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால் இதையே கேட்டானாம். வெள்ளத்தாய் நேற்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கத் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது பாய், என்றாள். கிளட்சைத்தான் மிதித்தேனோ என்று காலை மிதித்து மிதித்துப் பார்த்தேன். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன செய்ய. வெள்ளத்தாயிகிட்ட வந்து சொல்லுங்க."

அவர் ஷெட்டைப் பூட்டவில்லை. சுருளியைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, சுற்றி வந்து இடதுபக்கம் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும், அவள் பேசினால் அது கெட்டுப்போன காதுப் பக்கம்தான் விழும் என்று தெரிந்தது. அவள் கியரைப் போட்டாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வண்டி வழுக்கிக்கொண்டு போனது, ஆறும் அடிக்க, இருக்கையின் இரும்பு வழியாக முதுகுத்தண்டுக்கு அது தெரிந்தது. நல்லா இருக்கு என்று ஒரு சந்தோஷம் எழுந்தது, உடனே வெட்கம் அதை அமுக்கியது. என்ன சொல்வது? எனக்குக் காது கேட்காது, அதனால் உனக்குக் கால் போயிற்று. அவ்வளவுதான். நடுவில் சேர்க்க என்ன இருக்கிறது? வயசு, இத்தனை வருஷ சத்தம், தெரியாமல் நடந்தது, இதெல்லாம் உண்மைதான், ஆனால் படுத்திருக்கிறவளிடம் சொல்ல உண்மையா? ஃபேன் காற்று என்று சிரித்தேனே, அதைச் சொல்லலாம். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் புருஷன் அங்கே இருப்பான். அவன் எழுந்து கன்னத்தில் அறைந்தால் எந்தக் கன்னம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. நாளைக்கு இது ஊருக்குத் தெரியும். கனி பாய்க்குக் காது போயிருச்சாம். யார் இனிமேல் வண்டியைக் கொண்டுவருவார்கள்? சம்சத்திடம் என்ன சொல்வது? அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை, அவள்தான் முதலிலேயே தெரிந்துகொண்டவள். அவளிடம் கேட்கத்தான் இருக்கிறது, எப்போதிருந்து என்று.

பெண்கள் வார்டில் மூன்றாவது கட்டில். வெள்ளத்தாய்க்கு நாற்பது வயசிருக்கும், ஒல்லியான பெண், கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தான். அமலோற்பவத்தைப் பார்த்ததும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நாகூர்கனி கட்டிலின் கால்மாட்டில் நின்று, தான் யார் என்று சொன்னார். பிறகு சொன்னார். திங்கட்கிழமை இந்தம்மா ஒரு சத்தம் சொன்னதையும், தனக்கு அது கேட்காததையும், கேட்காததை இல்லையென்று சொல்லிச் சிரித்ததையும், அந்தச் சத்தம்தான் பிரேக்கைக் கொன்றது என்பதையும் சொன்னார். பிரேக்கத்தான் மிதிச்சிருக்காங்கம்மா, அது வேலை செய்யல, குத்தம் என்னோடது, என்றார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்திருக்க வேண்டும், நாலாவது கட்டில், ஆறாவது கட்டிலெல்லாம் திரும்பிப் பார்த்தது. தன் குரல் எத்தனை பெரிது என்பதும் இத்தனை நாள் தெரிந்திருக்கவில்லையே.

வெள்ளத்தாய் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அமலோற்பவத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து என்னவோ சொன்னாள். படுத்தபடி, வாய் பாதி தலையணைக்குள் இருக்க, சன்னமாகச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. உதடும் சரியாகத் தெரியவில்லை. அவருடைய தலை ஆடத் தொடங்கியது, இந்த மாதிரி நேரத்தில் தானாக ஆடுகிற, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற அந்த ஆட்டம். பாதி ஆடிய தலையை அவர் நிறுத்தினார்.

"தாயி, கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

அவள் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எந்தக் காதுன்னு கேட்டேன்."

நாகூர்கனி வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப இந்தப் பக்கமா வந்து உக்காருங்க," என்றாள் வெள்ளத்தாய், இந்த முறை வார்டுக்கே கேட்கிற மாதிரி. "நான் பேச வேண்டியது இருக்கு."

அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார். அமலோற்பவம் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.